ஐந்து நாற்பதுக்குச் சண்டை

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். மறதியால் வந்த சந்தேகமில்லை. எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் தேதிவாரியாக ஒரு தடித்த குறிப்பேட்டில் இருக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் அம்மாவின் கையெழுத்தோடு. ஆனால் அதை எழுதியவள் நான். பதின்மூன்று வயதில் அதில் நான் எழுதியவற்றில் பாதிக்கு மேல் நடக்கவே இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, எது நடந்தது, எது நான் எழுதியதால் நடந்தது போல் ஆகிவிட்டது என்று பிரிக்க உட்கார்ந்தால், பேனாவை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் சும்மா இருக்க வேண்டியிருக்கிறது.

அதனால் குறிப்பேட்டில் இல்லாதவற்றையே அதிகம் நம்பிச் சொல்கிறேன்.

அந்தக் குழந்தைகள் இல்லத்தில் நாங்கள் எண்பது பேர். முதலில் ஒரே கூடத்தில் இருந்தோம். எண் போட்ட கட்டில், எண் போட்ட தட்டு. பெற்றோர் இல்லாதவர்கள், இருந்தும் இல்லாதவர்கள், நீதிமன்றம் அனுப்பிவைத்தவர்கள் என்று எல்லோரும் கலந்து கிடந்தோம். பிறகு நிர்வாகத்தார் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார்கள். பிள்ளைகள் கூடத்தில் வளரக்கூடாது, குடும்பத்தில் வளரவேண்டும் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதில் தப்பில்லை, இன்றுவரை நானும் அப்படித்தான் நினைக்கிறேன். கூடத்தை இடித்துவிட்டுப் பத்துச் சின்ன வீடுகள் கட்டினார்கள். வீட்டுக்கு எட்டுப் பிள்ளைகள், ஓர் அம்மா. அதுவரை எல்லாம் நல்லபடியாகவே போனது. அப்புறம்தான் சுற்றறிக்கைகள் வர ஆரம்பித்தன.

வளாகத்தில் வேலை பார்ப்பவர்களை இனி உறவுமுறை சொல்லியே அழைக்கவேண்டும் என்றது முதல் சுற்றறிக்கை. இயக்குநர் பெரியப்பா ஆனார். சரக்கறை எழுத்தர் மாமா. வண்டி ஓட்டுபவர் சித்தப்பா. அம்மாக்களுக்கு மாதம் நான்கு நாள் விடுப்பு உண்டு. அந்த நாட்களில் பதிலுக்கு வருபவர் சித்தி. பெரியப்பா ஊரில் இல்லாதபோது மாமா 'பெரியப்பா (பொறுப்பு)' என்று கையெழுத்துப் போடுவார். வாயில்காவலர் தாத்தா. அந்தத் தாத்தாவுக்கு அப்போது இருபத்தாறு வயது, கல்யாணமாகவில்லை. "தாத்தா, கதவைத் திறங்க" என்று நாங்கள் கத்தினால் எதிரே பேருந்துக்கு நிற்கும் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்தே, நாங்கள் பள்ளிவிட்டு வரும் நேரத்துக்குக் கால்மணி முன்பே கதவை விரியத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார்.

இரண்டாவது சுற்றறிக்கை, பிள்ளைகள் அம்மாவை 'நீங்கள்' என்று சொல்வது நிறுவனத்தன்மையைக் காட்டுவதால் வரும் திங்கள் முதல் 'நீ' என்றே சொல்லவேண்டும் என்றது. சனிக்கிழமை வரை 'நீங்க'. திங்கள் காலை 'நீ'. இடையில் கிடந்த ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தெரியாமல் அன்று முழுக்க சைகையிலேயே பேசினோம்.

எங்கள் ஏழாம் வீட்டு அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். முன்பு ஆடைத் தொழிற்சாலையில் இஸ்திரிப் பிரிவில் இருந்தவள். இடது மணிக்கட்டில் முக்கோணமாக ஒரு சூட்டுத்தழும்பு. அவள் யாரையும் கட்டிப்பிடித்து நான் பார்த்ததில்லை. பேசினால் கத்துவாள், இல்லையென்றால் பேசமாட்டாள். ஆனால் சமையலறையில் நின்றபடி, படுக்கையறையில் இருமுவது யார் என்று சொல்லிவிடுவாள். எட்டுப் பல்துலக்கிகளின் காம்பிலும் சூடான கத்தியால் கோடு கீறி வைத்திருந்தாள். இரண்டு கோடு எனக்கு, எட்டுக் கோடு கடைக்குட்டிக்கு. எட்டுக் கோடு கீற இடமில்லை என்று அதை மட்டும் சுற்றிவளைத்துக் கீறியிருந்தாள்.

கடைக்குட்டியை சுண்டு என்று கூப்பிட்டோம். ஐந்து வயது. எங்களிடம் வருவதற்குள் மூன்று இடம் மாறியவள். மாற்றியபோதெல்லாம் அதிகாலையில், எழுந்ததும் எழாததுமாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்; ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதனால் ஷூ போட்டுக்கொண்டே தூங்குவாள். அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. படுக்கை விரிப்பு அழுக்காகும், துவைப்பாள், அவ்வளவுதான். காலையில் கண் திறந்ததும் சுண்டு கேட்பாள்:

"இன்னைக்கு நீதானா?"

"நான்தான்."

ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள் மதியம் தூங்கப்போகுமுன் அவளே ஷூவைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் ஜோடியாக வைத்தாள். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் திரும்பப் போட்டுக்கொண்டுவிடுவாளோ என்று பயம்.

இனி குறிப்பேடு. ஒவ்வொரு வீட்டிலும் தினமும் எழுதவேண்டும்: நேரம், நிகழ்வு, பங்கேற்றோர், வெளிப்பட்ட உணர்வு. நான்கு கட்டம். முதல் மூன்றை அம்மா எப்படியோ நிரப்புவாள். நான்காவதில் வந்து நின்றுவிடுவாள். 'சாப்பாடு. எட்டுப் பேர்.' உணர்வு? பசி என்று எழுதினாள். பசி உணர்வுகளின் பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"ஏய், உன் கையெழுத்து நல்லா இருக்கும்ல? நீ எழுதித் தொலை. நான் கையெழுத்துப் போடறேன்" என்று என் மடியில் போட்டாள். அன்றிலிருந்து என் பெயர் குமாஸ்தா.

எனக்குக் குடும்பம் பற்றித் தெரிந்ததெல்லாம் நூலக அலமாரிக் கதைப்புத்தகங்களிலிருந்துதான். நன்கொடையாக வந்தவை, பெரும்பாலானவற்றில் கடைசிப் பக்கங்கள் இருக்காது. குடும்பங்கள் எப்படித் தொடங்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எப்படி முடியும் என்பதுதான் தெரியாது. பள்ளியிலும் அதே கதைதான். 'என் குடும்பம்' என்று கட்டுரை எழுதச் சொன்னால், அலுவலகத்திலிருந்து மாதிரிக் கட்டுரை வந்துவிடும். எண்பது பேரும் ஒரே கட்டுரை எழுதுவோம். ஆசிரியை எண்பது பேருக்கும் ஏழரை மதிப்பெண் போடுவார். குறைந்தபட்சம் குறிப்பேட்டில் நான் சொந்தமாக எழுதலாம்.

அம்மா எங்களை வரிசையாக உட்காரவைத்து, திட்டிக்கொண்டே பேன் பார்ப்பாள். நான் எழுதுவேன்: 'மாலை வெயிலில் அம்மா எங்கள் தலைகளைக் கோதியபடி அமர்ந்திருந்தார். உணர்வு: பாசம்.' விளக்கை அணைக்காமல் விட்டதற்காக வீடு அதிரக் கத்தினால்: 'இயற்கை வளங்களைப் பற்றி அம்மா எங்களோடு உரையாடினார். உணர்வு: பொறுப்பு.' அவள் பேசாமல் ஜன்னலைப் பார்த்து நின்ற நாட்களும் உண்டு. அவற்றுக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் 'மனநிறைவு' என்று போட்டேன். அம்மா ஒன்றையும் படிக்கமாட்டாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பக்கத்தின் கீழே கிறுக்கிவிட்டுப் போய்விடுவாள்.

காலாண்டுக்கு ஒருமுறை தலைமை அலுவலகத்திலிருந்து மதிப்பீட்டாளர் வருவார். அவர் அத்தை. எல்லாக் குறிப்பேடுகளையும் படித்து நூற்றுக்கு மதிப்பெண் போடுவார். நான் எழுதத் தொடங்கிய முதல் காலாண்டில் இரண்டாம் வீட்டுக்கு நாற்பத்தெட்டு. அந்த அம்மா உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள். எங்களுக்குத் தொண்ணூற்று நான்கு.

ஒரு மணிநேரம் குதித்தோம். பிறகு சுற்றறிக்கை வந்தது. எங்கள் வீட்டில் வக்கீல் என்று ஒருத்தி இருந்தாள், பதினான்கு வயது. எதிலும் இரண்டாம் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவள். அவள்தான் சத்தமாகப் படித்தாள். தொடர்ந்து இரண்டு காலாண்டு தொண்ணூறுக்கு மேல் பெறும் வீட்டின் அம்மா, அவரது திறமை பரவலாகும்பொருட்டு, மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற வீட்டுக்கு மாற்றப்படுவார். இனி ஐம்பதுக்குக் கீழே போகும் வீட்டின் அம்மாவும் மாற்றப்படுவார். பற்று மாறுவதற்கு வசதியாக, மாற்றப்பட்ட அம்மாவும் பழைய பிள்ளைகளும் ஆறு மாதம் சந்திக்கவோ பேசவோ கூடாது. சைகையும் இதில் அடங்கும்.

"அப்படின்னா?" என்றான் ரெட்டையரில் பெரியவன். எங்கள் வீட்டில் ஒன்பது வயது ரெட்டைப் பையன்கள் இருந்தார்கள்.

"அப்படின்னா, இன்னொரு தடவை நாம நல்ல குடும்பமா இருந்தோம்னா அம்மா போயிடுவா" என்றாள் வக்கீல்.

"கெட்ட குடும்பமா இருந்தா?"

"அப்பவும் போயிடுவா."

சுண்டு சாப்பாட்டு மேசைக்கடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நாங்கள் பார்க்கும்போது ஷூ கயிற்றை முடிச்சுப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா பெரியப்பாவைப் பார்க்கப் போனாள். நானும் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

"எனக்கு இந்தப் பெருமையெல்லாம் வேண்டாங்க. அந்த வீட்டுக்கு வேற யாரையாச்சும் பாருங்க" என்றாள்.

பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "பாருங்க, இந்தப் பணிவு! இதுக்குத்தான் தொண்ணூத்தி நாலு. இன்னும் மூணு மாசம் இப்படியே கொண்டுபோங்க, போதும்."

திரும்பும் வழியில் அம்மா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். வாசலுக்கு வந்ததும் என் கையிலிருந்த குறிப்பேட்டைப் பிடுங்கி, நின்றபடியே நாலைந்து பக்கம் படித்தாள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், நேரமாகும். நான் செருப்பின் வாரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் எப்படி தலையைக் கோதினேன்? பேன்தானேடி பார்த்தேன்."

"ஆமா."

"ஏன்டி, இவ்வளவு நல்லவளாவா என்னை எழுதுவ?"

அவள் குறிப்பேட்டால் என் தலையில் மெல்லத் தட்டிவிட்டு உள்ளே போனாள். நான் எழுதிய அழகான வாக்கியங்கள்தான் அவளை வீட்டைவிட்டு அனுப்பப்போகின்றன என்பது அந்தத் தட்டலில்தான் எனக்கு உறைத்தது.

வக்கீல் கூட்டம் போட்டாள். சுண்டுவைத் தவிர ஏழு பேரும் கட்டில்களில் உட்கார்ந்தோம்.

"எழுபது வாங்கணும். ஐம்பதுக்குக் கீழயும் போகக்கூடாது, தொண்ணூறையும் தொடக்கூடாது. சுமாரான குடும்பம். அவ்வளவுதான் நமக்கு வேணும்."

"சுமாரான குடும்பம் எப்படி இருக்கும்?" என்று சின்ன ரெட்டை கேட்டான்.

ஒருவருக்கும் தெரியவில்லை. என் கதைப்புத்தகங்களிலும் இல்லை.

மூன்று மாதம் நான் அளந்து அளந்து எழுதினேன். இரண்டு நாள் பாசம், ஒருநாள் சலிப்பு. மாதம் ஒரு பொறாமை. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, இம்முறை குறிப்பேடு மட்டும் போதாது, அத்தை ஒரு மாலை முழுவதும் வீட்டிலேயே உட்கார்ந்து நேரில் பார்ப்பார் என்று அறிவிப்பு வந்தது. நாள் வியாழக்கிழமை. நேரம் ஐந்தரையிலிருந்து ஆறரை.

நேரில் சுமாராக இருப்பது கடினம். ஒத்திகை வேண்டும். நான் ஒரு தாளில் கட்டம் போட்டேன்.

5.40: சண்டை. பொருள்: தலையணை. பங்கேற்போர்: ரெட்டையர். உணர்வு: கோபம் (நடுத்தரம்).
5.50: அம்மா திட்டுதல் (தானாக நடக்கும்).
6.00: சமாதானம். உணர்வு: வருத்தம், பாசம் (கொஞ்சம்).
6.10: சுண்டு ஏதாவது கேட்டால் யாரும் பதில் சொல்லக்கூடாது.

அதை மூன்று நிறப் பேனாவால் கோடு போட்டு அழகாக்கி, குளியலறைக் கதவின் பின்புறம் ஒட்டினேன். எங்கள் அட்டவணைகள் எல்லாம் அங்கேதான் ஒட்டியிருக்கும்: குளிக்கும் முறை, பாத்திர முறை, படிக்கும் முறை. மறைக்கவேண்டிய ஒன்றை ஒட்டிவைக்கக்கூடாது என்று ஏழு பேரில் ஒருவருக்காவது தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. கூடத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். சுவரில் ஒட்டாத எதுவும் எங்களுக்கு நடந்ததில்லை.

அத்தை சரியாக ஐந்தரைக்கு வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நான் இங்க இல்லைன்னே நினைச்சுக்கோங்க, செல்லங்களா" என்றார்.

ஐந்து நாற்பது. பெரிய ரெட்டை தலையணையை எடுத்தான்.

"இது என்னுடைய தலையணை" என்றான், பாடம் ஒப்பிப்பது போல.

"இல்லை, என்னுடையது" என்றான் சின்னவன்.

"கொஞ்சம் சத்தமாடா" என்று வக்கீல் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

"இது என் தலையணைடா, எச்சில் வாயா!"

எச்சில் வாயன் என்பது ஒத்திகையில் இல்லை. சின்னவனுக்குத் தூக்கத்தில் எச்சில் வடியும். அதைச் சொன்னால் அவனுக்குப் பிடிக்காது. அடுத்த நொடி இரண்டு பேரும் தரையில் உருண்டார்கள். தலையணை கிழிந்து பஞ்சு பறந்தது. பெரியவன் தோளில் சின்னவனின் பல் பதிந்தது.

துவைக்கும் இடத்திலிருந்து அம்மா சோப்பு நுரையோடு ஓடிவந்தாள். அவளுக்கு எங்கள் திட்டம் தெரியாது. "எருமைங்களா! ஒரு தலையணை தைக்க எவ்வளவு நேரமாகும் தெரியுமா? விடுடா அவன் தோளை!" வழியில் நாற்காலி இருந்தது. "நீங்க ஏங்க நட்டநடுவுல உக்காந்துட்டு? நகருங்க அந்தப்பக்கம்!"

அத்தை நாற்காலியோடு நகர்ந்தார். வக்கீலின் முகம் மலர்ந்தது. எழுபது வந்துவிடும், அறுபத்தைந்துகூட வரலாம். ஆறு மணிக்கு ரெட்டையர் சமாதானமானார்கள், அது மட்டும் கொஞ்சம் செயற்கையாக இருந்தது. அம்மா ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தாள்.

ஆறு பத்துக்கு சுண்டு கேட்டாள்: "நாளைக்கும் நீதானா?"

அட்டவணைப்படி நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். ஏழு பேரும் தரையைப் பார்த்தோம். அம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "நான்தான். இந்தச் சத்தத்துக்கு வேற எவ வருவா?"

அத்தை எதையோ எழுதிக்கொண்டார். பிறகு கைகழுவக் குளியலறைக்குப் போனார்.

போனவர் வெளியே வரவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. கையில் என் அட்டவணை.

"யார் எழுதினது இது?"

என்னைக் காட்டினார்கள்.

"பதினெட்டு வருஷமா வீடுவீடாப் போறேன். சண்டையை மறைக்கிற வீடு பார்த்திருக்கேன். சண்டையே இல்லைன்னு சாதிக்கிற வீடு பார்த்திருக்கேன். சண்டைக்கு நேரம் ஒதுக்கி, பொருள் ஒதுக்கி, சமாதானத்துக்கும் நேரம் ஒதுக்கின வீட்டை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்." அம்மாவின் ஊசி பிடித்த கையைப் பிடித்துக் குலுக்கினார். "திட்டமிட்ட முரண்பாடு! தொண்ணூத்தஞ்சு."

நான் முன்னால் வந்தேன். "அத்தை, அது உங்களை ஏமாத்த எழுதினது. மார்க் குறையணும்னு. குறிப்பேடுகூட நான் இட்டுக்கட்டினதுதான்."

அத்தை என்னையே பார்த்தார். பிறகு தன் மதிப்பெண் தாளைப் புரட்டி ஒரு கட்டத்தைத் தேடினார்.

"தானா முன்வந்து ஒப்புக்கிறா பாருங்க. நேர்மைக்கு ரெண்டு. தொண்ணூத்தேழு."

இம்முறையும் கடைசியில் நின்றது இரண்டாம் வீடுதான். பத்து நாளில் மாற்றம். ஒப்படைப்புப் பட்டியலில் அம்மாவும் புதிதாக வரும் அம்மாவும் கையெழுத்திட்டார்கள். கட்டில் 9. போர்வை 9. பல்துலக்கி 8. பிள்ளைகள் 8 (நல்ல நிலையில்). மாமா ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்தார், எங்களையும்.

அம்மா ஒரு பையோடு இரண்டாம் வீட்டுக்கு நடந்தாள். நாற்பதடி. எங்கள் வாசலில் நின்று பார்த்தால் அவள் துணி காயப்போடுவது தெரியும். எந்தத் துணி என்றுகூடத் தெரியும். கையைத் தூக்க முடியாது. சைகையும் இதில் அடங்கும்.

புதிய அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். அவளும் தன் எட்டுப் பேரை நாற்பதடி தூரத்தில் விட்டுவிட்டு வந்தவள். சமையலறையில் தண்ணீர்க்குழாயைத் திறந்துவைத்துவிட்டு அழுவாள். சுண்டு அவளிடம் எதுவும் கேட்கவில்லை. காலையில் கண் திறந்து, கால்களை ஒருமுறை பார்த்துக்கொள்வாள். ஷூ இருக்கும். பிறகு எழுந்துகொள்வாள்.

அடுத்த சுற்றறிக்கை நாங்கள் எதிர்பாராதது. ஏழாம் வீட்டின் முன்மாதிரியைப் பின்பற்றி, இனி பத்து வீடுகளிலும் வியாழன்தோறும் 5.40 முதல் 5.50 வரை சண்டை நடத்தப்படும். விருந்தினர்கள் பார்க்க வசதியாக அதை முற்றத்தில் நடத்தலாம். உணர்வு தடையின்றி வெளிப்படவேண்டுமாதலால், அந்நேரத்தில் எவரும் எவர் பேச்சிலும் குறுக்கிடக்கூடாது.

முதல் வியாழன் பெரியப்பா மணியடித்தார். எண்பது பிள்ளைகளும் பத்து அம்மாக்களும் முற்றத்துக்கு வந்து நின்றோம். என்ன சண்டை போடுவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்றாம் வீட்டில் யாரோ "உன் சட்டை நல்லா இல்லை" என்றார்கள். "பரவாயில்லை" என்று பதில் வந்தது. பத்து நிமிடமும் அப்படியே கழிந்தது.

இரண்டாம் வியாழன், மணியடித்ததும் வக்கீல் இரண்டடி முன்னே போனாள். சுற்றறிக்கையை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"ரெண்டாம் வீட்டு அம்மா! எங்க நகவெட்டியை எடுத்துட்டுப் போயிட்டீங்க!"

பெரியப்பா வாயைத் திறந்தார். வக்கீல் மடித்த தாளைத் தூக்கிக் காட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

துணிக்கொடியருகே நின்ற அம்மா மெதுவாகத் திரும்பினாள். என்ன நடக்கிறது என்று விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு இடுப்பில் கைவைத்தாள்.

"உங்க நகவெட்டி எனக்கெதுக்குடி? ஜன்னல் மேல டப்பாவுல பாரு! கண்ணு எங்க இருக்கு? பெரிய ரெட்டை நகத்தைப் பாரு முதல்ல, இங்கேர்ந்தே தெரியுது கறுப்பா!"

"எங்க வீட்டு விஷயத்துல நீங்க தலையிடாதீங்க!" என்று வக்கீல் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நான் எதுக்குத் தலையிடறேன்? சின்னவனுக்கு இருமல்னு நேத்தே காதுல விழுந்துச்சு. வெந்நீர் வச்சுக் கொடுக்க ஆளில்லையா அங்க?"

"குடுத்தேங்க!" என்று எங்கள் புதிய அம்மா திடுக்கிட்டுக் கத்தினாள். பிறகு அவளுக்கும் விளங்கியது போலும். கழுத்தை நீட்டி இரண்டாம் வீட்டு வரிசையைப் பார்த்து, "அங்க என் மூணாவது பொண்ணு ஏன் இளைச்சிருக்கா? கத்திரிக்காய் அவளுக்கு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று உடைந்த குரலில் போட்டாள் ஒரு சத்தம்.

அப்போதுதான் சுண்டு எங்கள் கால்களுக்கிடையிலிருந்து வெளியே வந்தாள். அவள் உரக்கப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

"நீ பொய் சொன்ன! நாளைக்கும் நான்தான்னு சொன்ன!"

அம்மாவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. மணி ஐந்து நாற்பத்தாறு இருக்கும். மீதி நான்கு நிமிடம்தான்.

"சொன்னேன்" என்றாள். "இப்பவும் சொல்றேன். அடுத்த வியாழக்கிழமை வந்து திட்டு. நான்தான் நிப்பேன்."

சுண்டு குனிந்தாள். வலதுகால் ஷூவின் முடிச்சை அவிழ்த்து, கழற்றி, முழுபலத்தோடு எறிந்தாள். பாதி தூரத்தில் விழுந்தது. அம்மா நடந்துவந்து அதை எடுத்தாள், மண்ணைத் தட்டினாள், கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஷூவைக் கழட்டி எறியற அளவுக்கு வளர்ந்துட்டியா? அடுத்த வாரம் வா. திட்டிட்டு வாங்கிட்டுப் போ."

மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனோம். சுண்டு கட்டிலில் உட்கார்ந்து மிச்சமிருந்த ஒற்றை ஷூவை வெகுநேரம் பார்த்தாள். ஒற்றை ஷூவோடு எங்கும் போக முடியாது. அதையும் கழற்றிக் கீழே வைத்துவிட்டுப் படுத்தாள்.

அன்றைய குறிப்பேட்டில் நான் எழுதியது இவ்வளவுதான்: '5.40. சண்டை. பங்கேற்றோர்: ஏழாம் வீடு, இரண்டாம் வீடு. உணர்வு: கோபம்.' வேறொன்றும் எழுதவில்லை. எழுதாததால் அது நடந்தது என்று நம்புகிறேன்.

ஆறு மாதம் கழிந்ததும் பேச அனுமதி வந்தது. ஆனாலும் வியாழக்கிழமைகளில் முற்றத்துக்குப் போனோம்.

அத்தை திட்டமிட்ட முரண்பாடு பற்றி ஒரு கையேடு எழுதினார். பல இல்லங்களில் அதைப் பின்பற்றுவதாகக் கேள்வி. பெரியப்பா தலைமை அலுவலகத்துக்குப் போனார். மாமா கடைசிவரை பொறுப்புப் பெரியப்பாவாகவே இருந்து ஓய்வுபெற்றார். தாத்தாவுக்கு இருபத்தெட்டாவது வயதில் கல்யாணமானது. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு சித்தப்பாவாகப் பதவி உயர்ந்தார். வக்கீல் சட்டம் படிக்கவில்லை. பேருந்து நிறுவனமொன்றில் பயணிகளின் புகார்களுக்குப் பதில் எழுதுகிறாள். ரெட்டையர் சேர்ந்து மெத்தைக் கடை வைத்து, பிரிந்து, இப்போது எதிரெதிரே இரண்டு கடை வைத்திருக்கிறார்கள். எங்கள் புதிய அம்மா நான்கு ஆண்டு எங்களோடு இருந்தாள். பிறகு இரண்டாம் வீட்டின் மூன்றாவது பெண் வேலைக்குப் போனதும் அவளோடு போய்விட்டாள். நான் ஒரு நீதிமன்றத்தில் சாட்சிகள் சொல்வதைச் சொன்னபடி எழுதும் வேலையில் இருக்கிறேன்.

அம்மா ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வுபெற்றாள். ஓய்வுபெற்ற அம்மாக்கள் வளாகத்தில் தங்க விதியில்லை. என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறையில் இருக்கிறாள். சுண்டு பள்ளி வண்டி ஓட்டுகிறாள். வியாழக்கிழமைகளில் பிள்ளைகளை இறக்கிவிட்டு அந்த அறைக்குப் போகிறாள். வாசலில் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனதும் இருவரும் சண்டை போடுகிறார்கள்.